அக்ரா நகரத்து டெம்போஸ் குழு

‘ஹைலைஃப்’ என்பது மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில், சிறப்பாக இன்று கானா என வழங்கும் நாட்டில், தோன்றி வளர்ந்த ஓர் ஆடலிசை. உயர்ந்த வாழ்வு என்பது அச்சொல்லின் பொருள். இப்பெயரை இட்டவர்கள் அவ்விசையை வாசித்தவர்கள் அல்லர்; பணம் கொடுத்துக் கேட்டவர்களும் அல்லர். 1920-களில் அக்ரா நகரத்து நடன மன்றங்களில் வாத்தியக் குழுக்கள் வாசிக்கும் இரவுகளில், உள்ளே நுழைய ஏழரை ஷில்லிங் அளவுக்குக் கட்டணம் இருந்ததாம். ஆடவர் முழு மாலையுடையும் உயர்ந்த தொப்பியும் தரித்து வரவேண்டும். அவ்வளவு காசும் அவ்வளவு துணியும் இல்லாதவர்கள் வெளியே கூட்டமாக நின்று, காற்றில் வரும் பாட்டைக் கேட்டுக்கொண்டு, உள்ளே செல்லும் சீமான்களையும் சீமாட்டிகளையும் வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் கேலியாகச் சொல்லிய சொல்லே இசைக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. இதைப் பின்னாளில் எடுத்துரைத்தவர் யெபுவா மென்சா என்னும் பழைய வாத்தியக்காரர். இவருடைய இளவல் ஈ. டி. மென்சாவும், அவர் தலைமை வகித்த டெம்போஸ் என்ற குழுவுமே இக்கட்டுரையின் பொருள்.

மதிலுக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்பது என்றால் என்னவென்று ரயில்வே காலனிகளில் வளர்ந்த அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கோ இருக்கும் அக்ராவுக்கும் கரக்பூரில் சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நாம் மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை நிறுத்தினோம். தந்தையார் பணியிலிருந்த காலத்திலேயே காலமானமையால், கருணை அடிப்படையில் எழுத்தர் வேலை கிடைத்தது. வேலையோடு அவர் விட்டுச் சென்ற மற்றொரு சொத்து, வெல்வெட்டுத் துணி கிழிந்த ஒரு பெட்டியில் கிடக்கும் டிரம்பெட். 1980-களில் நம் தமிழ்ச் சங்கத்து இன்னிசைக் குழுவில் அவர் அதை வாசித்தார். பொங்கல் விழாவிலும் சித்திரை விழாவிலும் அதன் ஓசை கேட்டு வளர்ந்தோம். இப்போது நம் மகனுக்கு அதன்மேல் ஆசை வந்திருக்கிறது. கற்றுக்கொடுப்பார் இங்கு ஒருவருமில்லை. ஆகையால் கைப்பேசியில் டிரம்பெட் பாடம் தேடினோம். தேடத் தேட, பாடத்தை விட்டு வேறெங்கோ போய் நின்றோம். ‘ஆல் ஃபார் யூ’ என்றொரு பாட்டு. பழைய இசைத்தட்டின் கரகரப்பு. அதனூடே சிரித்துக்கொண்டே பேசுவதுபோல ஒரு டிரம்பெட். மகன் அதைப் பதினைந்து தடவை கேட்டான். நாமும் கேட்டோம். அன்று தொடங்கி, இரவுப் பணியில் சரக்கு வண்டிக்குக் காத்திருக்கும் வேளைகளில் எல்லாம் அக்குழுவின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். படித்தவற்றைக் கீழே தருகிறோம்.

கானாவுக்கு முன்னைய பெயர் கோல்டு கோஸ்ட், அதாவது பொற்கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் உள்நாட்டு அசாந்தி அரசோடு போர் தொடுத்தபோது, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கறுப்புப் படைவீரர்களைக் கொண்டு வந்து கேப் கோஸ்ட், எல்மினா முதலிய கோட்டைகளில் நிறுத்தினார்கள். ஒரு காலத்தில் அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் வழிவந்தோர், துப்பாக்கியும் பித்தளை ஊதுகருவியும் ஏந்தி அதே கரைக்குத் திரும்பினார்கள் என்பதை நினைத்தால் வியப்பாயிருக்கிறது. ஓய்வு நேரங்களில் அவர்கள் தங்கள் தீவுகளின் பாட்டுகளை வாசித்தார்கள். அதைக் கேட்ட உள்ளூர் இளைஞர்கள், ஆங்கிலேயரின் அணிவகுப்புப் பாட்டைக் காட்டிலும் இது நம் காலுக்கு ஏற்றதாயிருக்கிறதே என்று பற்றிக்கொண்டு தாமும் பித்தளை வாத்தியக் குழுக்கள் அமைத்தனர். கொக்கோ பயிரிட்டுக் காசு கண்ட சிற்றூர்களுக்கும் இவை பரவின. வாத்தியம் வாங்க வசதியற்ற ஊர்களில் உள்ளூர்ப் பறைகளையும் மனிதக் குரலையும் கொண்டே அதே பாட்டுகளை இசைத்தார்கள். அதற்குக் கொங்கோமா என்று பெயர். இது ஒரு கால்வாய்.

மற்றொன்று துறைமுகங்களிலிருந்து வந்தது. லைபீரியக் கரையைச் சேர்ந்த குரூ மாலுமிகள் கப்பல்களில் கித்தார் வாசிக்கக் கற்று, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலுமாக இரண்டே விரலால் மீட்டும் ஒரு முறையைத் துறைமுகந்தோறும் விதைத்தார்கள். பனங்கள் விற்கும் கடைகளில் அந்த இசை வளர்ந்தது. 1928-இல் குமாசி டிரையோ என்னும் மூவர் லண்டன் சென்று ‘யா அம்போன்சா’ என்ற பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்தனர். நிற்க, குமாசி என்றதும் எழுத்தர் புத்தி வேறு பக்கம் ஓடுகிறது. செக்கொண்டித் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் போடப்பட்ட இருப்புப்பாதை 1901-இல் டார்க்வா என்னும் தங்கச் சுரங்க ஊரையும், 1903-இல் குமாசியையும் எட்டியது. பொன்னும் கொக்கோவும் கடற்கரைக்கு இறங்க, வாத்தியங்களும் பாட்டுகளும் உள்நாட்டுக்கு ஏறின. எந்தச் சரக்குப் பட்டியலிலும் பாட்டுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டதில்லை.

மூன்றாவது கால்வாய் முதலில் சொன்ன சீமான்களின் நடன மன்றம். 1914-இலேயே அக்ராவில் எக்செல்ஸியர் ஆர்க்கெஸ்டிரா என்ற குழு இருந்தது. வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட் முதலிய ஐரோப்பிய நடனங்களுக்கே இத்தகைய குழுக்கள் வாசித்தன. வயலின்களும் ஊதுகருவிகளுமாக இருபது முப்பது பேர் உட்கார்ந்து இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கும் பெருங்குழுக்கள் அவை. தெருவில் கேட்ட உள்ளூர்ப் பாட்டு ஒன்றிரண்டை நடுவே அவர்கள் நுழைத்தபோது, மன்றத்தில் இருந்தவர்களின் கால் தானாக எழுந்தது. வெளியே நின்றவர்கள் பெயர் வைத்தார்கள்.

இம்மானுவேல் டெட்டே மென்சா 1919-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் அக்ராவில் பிறந்தார். பள்ளியில் லாம்ப்டி என்னும் ஆசிரியர் சிறுவர்களைக் கொண்டு குழலும் முரசும் கொண்ட குழு ஒன்றை நடத்தினார். ‘டீச்சர் லாம்ப்டி’ என்றே ஊரார் அவரை அழைத்தார்கள். அவரிடம் மென்சா குழல் ஊதக் கற்றார். பின்பு அந்த ஆசிரியர் நடத்திய அக்ரா ஆர்க்கெஸ்டிராவில் சேர்ந்தார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், தம் சம்பளத்துக்கு அப்பாற்பட்ட வேலையாக, பிள்ளைகளுக்குக் குழல் பிடிக்கக் கற்றுத் தந்ததிலிருந்து ஒரு கண்டத்தின் இசை வரலாற்றில் ஓர் அத்தியாயம் தொடங்கியிருக்கிறது. அண்ணன் யெபுவா 1937 வாக்கில் அக்ரா ரித்மிக் ஆர்க்கெஸ்டிரா என்ற தனிக் குழுவை ஏற்படுத்த, தம்பியும் அதில் சாக்ஸபோன் வாசித்தார். பாட்டு மட்டும் சோறு போடாது என்பதை அறிந்தவர்போலும். மருந்தாளர் தொழிலையும் முறையாகப் பயின்று தேர்ச்சி பெற்றார். பகலில் மருந்து கலப்பது, இரவில் வாத்தியம் ஊதுவது என்பது அவர் வாழ்க்கையாயிற்று.

இரண்டாம் உலகப் போர் வந்தது. அக்ராவில் ஆங்கிலேய அமெரிக்கப் படைகள் வந்திறங்கின. அவர்களுக்கு மாலை வேளைகளில் ஆட்டமும் பாட்டும் வேண்டியிருந்தது. ஜாக் லெப்பர்டு என்னும் ஸ்காட்லாந்து நாட்டு சார்ஜண்டு ஒருவர், வெள்ளையரும் கறுப்பரும் கலந்து வாசிக்கும் ஒரு குழுவை அமைத்தார். அவர் பெயரின் பொருள் சிறுத்தை ஆதலால், குழுவின் பெயர் ‘கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்’ என்று அமைந்தது. மென்சா அதில் சேர்ந்து, ஜாஸ் இசைக்கேற்ப நாக்கை எவ்வாறு பயன்படுத்துவது, சுரத்தை எவ்வாறு அசைப்பது என்னும் நுட்பங்களைப் பயின்றார். இதே காலத்தில் ஐரோப்பியப் படைவீரர் சிலரும், அடால்ஃப் டோக்கு என்ற உள்ளூர்ப் பியானோக்காரரும் பொழுதுபோக்காகக் கூடி வாசித்த ஒரு சிறு குழு இருந்தது. அதற்கு இட்ட பெயர்தான் டெம்போஸ். போர் முடிந்ததும் வெள்ளையர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினர். காலியான நாற்காலிகளில் உள்ளூர்க் கலைஞர்கள் அமர்ந்தனர். 1947-இல் மென்சா சேர்ந்தார். 1948-இல் குழுவின் தலைவரானார்.

அந்த 1948-ஆம் ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பொற்கரையின் இளைஞர்கள் பலர் மேற்கு ஆப்பிரிக்கப் படைப் பிரிவுகளில் சேர்ந்து, இந்தியா வழியாகப் பர்மாவுக்குச் சென்று, அரக்கான் காடுகளில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டவர்கள். நம் தாத்தாக்கள் பர்மாவிலிருந்து நடந்து திரும்பிய கதைகளைக் கேட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் விட்டு வந்த அதே மண்ணில்தான் அக்ராவின் பிள்ளைகள் இரத்தம் சிந்தினார்கள். ஊர் திரும்பியபின், வாக்களித்த உதவித்தொகையும் வேலையும் கிடைக்காமையால், 1948 பிப்ரவரி 28-ஆம் நாள் ஆளுநர் மாளிகையை நோக்கி விண்ணப்பத்துடன் ஊர்வலம் போனார்கள். காவற்படை சுட்டதில் முன்னாள் வீரர் மூவர் மாண்டனர். ஊரெங்கும் கலகம் மூண்டது. விடுதலை இயக்கம் அதிலிருந்து வேகங்கொண்டது. அத்தகைய ஆண்டில் ஒரு நடன வாத்தியக் குழுவுக்குத் தலைமையேற்பது சிறு பொறுப்பன்று என்று நாம் கருதுகிறோம். மக்கள் இனி யாருடைய பாட்டுக்கு ஆடுவார்கள் என்பதும் ஒரு கேள்வியாகத்தானே இருந்திருக்கும்?

மென்சாவின் டெம்போஸ் அதற்கு விடை சொன்னது. இருபது முப்பது பேர் என்ற பழைய அளவைச் சுருக்கி, ஏழு முதல் பத்துப் பேர் வரையில் வைத்துக்கொண்டார்கள். வயலின் போயிற்று. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன்கள், கித்தார், நின்று வாசிக்கும் பெரிய பாஸ், டிரம்ஸ். இவற்றோடு கை வாரன் என்னும் டிரம்ஸ்காரர் ஒரு புதுமையைச் சேர்த்தார். அவர் லண்டன் சென்று கென்னி கிரஹாமின் ஆஃப்ரோ கியூபிஸ்ட்ஸ் குழுவில் வாசித்தவர். திரும்புகையில் போங்கோ, மராக்கா முதலிய கியூபத் தாளக் கருவிகளையும், லண்டனில் குடியேறிய டிரினிடாடுக்காரர்களின் கலிப்ஸோ மோகத்தையும் உடன் கொண்டு வந்தார். ஆப்பிரிக்கப் பறை ஒலி கப்பலேறிக் கியூபாவுக்குப் போய், அங்கிருந்து லண்டன் வந்து, மறுபடியும் அக்ராவில் இறங்கியது! கை வாரன் பின்னர் அமெரிக்கா சென்று 1956-இல் ‘ஆப்பிரிக்கா பேசுகிறது, அமெரிக்கா விடையளிக்கிறது’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பிற்காலத்தில் கோஃபி கானபா என்று பெயரை மாற்றிக்கொண்டு 2008-இல் மறைந்தார். அவர் கதை தனிக் கட்டுரைக்குரியது.

இந்த இசையின் நடையை நம் வழக்கில் சொல்ல முயலுகிறோம். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளம்; ஆதி தாளத்தின் பாதி என்று கொள்ளலாம். ஆனால் கட்டைகளைத் தட்டுபவர் எண்ணிக்கையின் மேல் தட்டுவதில்லை. எண்ணிக்கைக்கும் எண்ணிக்கைக்கும் இடையில் தட்டுகிறார். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, இரண்டு தட்டு. அந்த இடைவெளியில்தான் ஆடுகிறவரின் இடுப்பு அசைகிறது. முதலில் ஊதுகருவிகள் எல்லாம் சேர்ந்து பல்லவியை ஒரு தடவை வாசிக்கும். பிறகு பாடகர் எடுப்பார். பின்பு டிரம்பெட்டோ சாக்ஸபோனோ தனியே உலாவிவிட்டு வரும். அந்தத் தனி உலாவில் மென்சா அதிகம் ஓடுவதில்லை. அவருடைய கற்பனை அடக்கமானது. அவசரமில்லாத குணம் அவருடைய டிரம்பெட்டில் இருக்கிறது. நம் மகன் பாடம் தேடிய வல்லுநர்கள் ஒரு மூச்சில் முப்பது சுரம் ஊதுகிறார்கள். கேட்டு முடித்தபின் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. மென்சா ஊதிய எட்டுச் சுரம் சரக்குக் கணக்கின் நடுவே வந்து நிற்கிறது.

1952-இல் டெக்கா கம்பெனி அவர்களை ஒப்பந்தம் செய்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டுகள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். ஞாயிறு பத்திரிகை ஒன்றின் பெயரால் ‘ஸண்டே மிரர்’, பள்ளி மாணவியைப் பற்றி ‘ஸ்கூல் கர்ல்’, விலைவாசியைப் பற்றி ஒரு கலிப்ஸோ எனக் கண்முன் கண்டவற்றை எல்லாம் பாட்டாக்கினார்கள். மொழி விஷயத்தில் அவர்கள் காட்டிய தாராளம் குறிப்பிடத்தக்கது. மென்சாவின் தாய்மொழி கா. ஆனால் குழு ட்வி மொழியிலும், ஃபாண்டேயிலும், ஏவேயிலும், ஹவுஸாவிலும், நைஜீரியக் கலபார்க் கரையின் எஃபிக் மொழியிலும், ஆங்கிலத்திலும் பாடியது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் பாட்டொன்றைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். கா மொழிக்கு இதனால் குறைவு வந்ததாக ஒருவரும் குறை சொல்லக் காணோம்.

இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் இன்னிசைக் குழுவில் முன்பு பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மாற்றலாலும் ஓய்வாலும் மறைவாலும் குறைந்து இன்று ஐவர் எஞ்சியிருக்கிறோம். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வங்காளி இளைஞர் ஒருவர் அருமையாகக் கித்தார் வாசிக்கிறார். தெலுங்குப் பையன் ஒருவன் கீபோர்டு வாசிக்கிறான். அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, தமிழ்ச் சங்கத்துக் குழுவில் தமிழர்தாம் இருக்கவேண்டும், தமிழ்ப் பாட்டுத்தான் பாடவேண்டும் என்று சில பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இல்லாமலில்லை. பிள்ளைகள் வீட்டிலேயே இந்தியும் வங்காளமும் பேசும் ஊரில், ஆண்டுக்கு இரண்டு மாலையாவது தமிழ் ஒலிக்கட்டும் என்ற ஆதங்கம் அது. ஆனால் வாசிக்க ஆளின்றி மேடை காலியானால் எந்த மொழி ஒலிக்கும்? நிற்க.

1950-இல் டெம்போஸ் முதன்முறையாக நைஜீரியாவுக்குச் சென்றது. லேகோஸ் நகரத்தில் பாபி பென்ஸன் முதலியோர் அப்போது அமெரிக்க ஸ்விங் இசையையும் பால்ரூம் நடனப் பாட்டுகளையும் வாசித்து வந்தனர். நம்மவர் பாட்டையே ஊதுகருவியில் இவ்வளவு நேர்த்தியாக வாசிக்கலாமா என்று அவர்கள் வியந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் லேகோஸ் முழுவதும் ஹைலைஃப் மயமாயிற்று. விக்டர் ஒலையா என்ற டிரம்பெட்காரர் கூல் கேட்ஸ் என்னும் குழுவை நடத்திப் பெரும்புகழ் பெற்றார். ஃபெலா குட்டி என்று பிற்காலத்தில் உலகப் பெயர் பெற்றவர் இளமையில் ஒலையாவின் குழுவில் இருந்தவரே. டெம்போஸ் லைபீரியா, சியரா லியோன் முதலிய நாடுகளுக்கும் சென்று வந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வெவ்வேறாக வேலியிட்டு வைத்திருந்த நாடுகளில் ஒரு வாத்தியக் குழு வண்டி கட்டிக்கொண்டு திரிந்ததால், எங்கும் ஒரே தாளத்துக்கு மக்கள் ஆடினார்கள்.

1956 மே மாதம் அமெரிக்காவின் புகழ்பெற்ற டிரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்டிராங் அக்ராவுக்கு வந்தார். விமான நிலையத்தில் உள்ளூர் வாத்தியக்காரர்கள் திரளாக நின்று ‘ஆல் ஃபார் யூ’ மெட்டிலேயே அவரை வரவேற்று வாசித்தார்கள். ஆர்ம்ஸ்டிராங் தம் டிரம்பெட்டை எடுத்துத் தாமும் சேர்ந்துகொண்டார். திறந்த வெளியில் அவர் வாசிப்பைக் கேட்க மாபெருங்கூட்டம் கூடியது. இரவில் பாரமவுண்ட் கிளப்பில் மென்சாவும் அவரும் சேர்ந்து வாசித்தார்கள். பின்னர் நாட்டின் தலைவரான குவாமே நிக்ரூமாவும் அவர் இசையைக் கேட்டார். ஆடிய கூட்டத்தில் ஒரு பெண்மணியைப் பார்த்து, காலமான தம் தாயைப் போலவே இருக்கிறாளே என்று ஆர்ம்ஸ்டிராங் மனம் உருகினாராம். அந்தப் பயணத்தைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள். நாம் அதன் சில பகுதிகளைக் கைப்பேசியில் பார்த்தோம். இரண்டு டிரம்பெட்காரர்களில் ஒருவர் உலகப் புகழாளர், மற்றவர் மருந்தாளர். பார்க்கும்போது அந்த வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை.

மறு ஆண்டு, 1957 மார்ச் 6-ஆம் நாள், பொற்கரை விடுதலை பெற்றுக் கானா ஆயிற்று. மென்சா ‘கானா ஃப்ரீடம்’ என்ற பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டார். நிக்ரூமாவின் அரசு ஹைலைஃபை நாட்டுக்குரிய நடனமாகப் போற்றி, அரசாங்க வேலைப் படைகளிலும் வாத்தியக் குழுக்கள் அமைத்தது. வெளியே நின்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் உள்ளே வந்து ஆடினார்கள் என்று சொல்லலாம்.

குழுவுக்குள்ளே மட்டும் எல்லாம் இனிப்பாக இல்லை. பணம் வந்தால் பங்கும் வரும். பங்கு வந்தால் மனத்தாங்கலும் வரும். டெம்போஸின் கலைஞர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்து தனிக்கடை வைத்தார்கள். சாக்ஸபோன் வாசித்த ஸ்பைக் அன்யங்கோர் ரிதம் ஏஸஸ் குழுவையும், டிராம்போன் வாசித்த டாமி கிரிப்மன் ரெட் ஸ்பாட்ஸ் குழுவையும் நடத்தினர். மென்சா புதிய இளைஞர்களைப் பிடித்துப் பயிற்றித் திரும்பவும் டெம்போஸ் என்ற பெயரிலேயே மேடையேறினார். இப்படி ஒருமுறையன்று, பலமுறை நடந்தது. ஆகையால் டெம்போஸ் என்பது ஒரு குழுவின் பெயர் என்பதைக் காட்டிலும் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் என்றே நமக்குத் தோன்றுகிறது. பெண்கள் வாத்தியக் குழுவோடு மேடையேறுவதை ஊர் மெச்சாத காலத்தில் ஜூலி ஒக்கீன் என்னும் பெண்மணி அக்குழுவில் பாடினார். ‘ஆணுக்கு அடிமையன்றி வேறில்லை’ என்ற கருத்துள்ள தலைப்போடு அவர் பாடிய பாட்டு ஒன்று உண்டு. அதை நம் இல்லத்தரசிக்குக் கேட்பித்தோம். “இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் வேண்டியதில்லை” என்று கூறிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

போட்டிக் குழுக்களுள் நம் மனத்துக்கு மிக நெருங்கியவர் கிங் புரூஸ். 1952-இல் பிளாக் பீட்ஸ் குழுவைத் தொடங்கிய இவர் அரசாங்க அலுவலகத்தில் பணியாற்றியவர். பகலெல்லாம் கோப்பு, மாலையானால் டிரம்பெட். பிற்காலத்தில் தாம் மேடையேறுவதை நிறுத்திக்கொண்டு, ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தில் பெயர் தொடங்கும் பல குழுக்களை நிர்வகித்தார். குமாஸ்தா வேலைக்கும் கலைக்கும் ஒத்துவராது என்று நம் காதுபட எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். வாத்தியம் வாங்க முன்பணம், ஒத்திகைக்குத் தவறாத நேரம், கட்டணத்துக்கு ரசீது, வண்டிக்கு ஏற்பாடு, இவையெல்லாம் குமாஸ்தாவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? தந்தையார் காலத்துக் குழுவின் கணக்குப் புத்தகம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு டிரம்பெட் வால்வு எண்ணெய்க்கும், மைக் வாடகைக்கும், வாசித்தவர்களுக்கு வாங்கிய வடைக்கும் தனித்தனியே தொகை எழுதி ஒப்பமிட்டிருக்கிறார்.

ஹைலைஃப் குழுக்களின் தேய்வை விரைந்து சொல்லிவிடலாம். 1966 பிப்ரவரியில் படையினர் நிக்ரூமாவைக் கவிழ்த்தனர். அவர் பெயர் வரும் பாட்டுகள் வானொலியில் நின்றன. நைஜீரியாவில் 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது கிழக்குப் பகுதிக் கலைஞர்கள் லேகோஸை விட்டு ஓடினார்கள். இளைஞர்களின் காது ராக், ஸோல் முதலிய அமெரிக்க இசைப்பக்கம் திரும்பிற்று. 1971 மார்ச் 6-ஆம் நாள், அதே விடுதலை நாளில், அக்ராவில் அமெரிக்க ஸோல் கலைஞர்கள் விடிய விடியப் பாடினார்கள். 1981-இன் கடைசி நாளில் மறுபடியும் படைக் கலகம். அதையடுத்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இரவு ஊரடங்கு. இரவில்லாமல் நடன இசை ஏது? மன்றங்கள் மூடப்பட்டன, குழுக்கள் கலைந்தன, கலைஞர்கள் பலர் ஜெர்மனிக்குப் பிழைக்கப் போனார்கள். அங்கே அவர்கள் மின்னணுக் கருவிகளோடு சேர்த்து வாசித்தது வேறொரு வகை ஹைலைஃப் ஆயிற்று. இருபது பேர் வாசித்த இடத்தில் ஒரு பெட்டி வாசிக்கத் தொடங்கிற்று.

அந்தப் பெட்டிதான் இப்போது நம் சங்கத்து வாசலிலும் நிற்கிறது. வருகிற பொங்கல் விழாவுக்கு இன்னிசைக் குழு வேண்டாம், வெளியிலிருந்து ‘டி.ஜே.’ ஒருவரை அமர்த்தலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. ஐந்து பேர் வாசிப்பது மெலிந்து கேட்கிறது, இளைஞர் எழுந்து போய்விடுகிறார்கள், செலவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது அவர்கள் வாதம். மூன்றும் உண்மையே. டிரம்ஸ் வாசிக்கும் பெரியவர், ஓய்வு பெற்ற கார்டு, இதைக் கேட்டு, “தம்பி, பச்சைக்கொடி காட்டியாச்சு, இனி வண்டியை நிறுத்த முடியாது” என்றார். நாம் அவருக்கு டெம்போஸ் பாட்டுகள் நாலைந்தைக் கேட்பித்தோம். முதற்பாட்டு முடியும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டில் விரல் மேசையைத் தட்டத் தொடங்கியது. “இவன் எங்கே அடிக்கிறான் பார்த்தீர்களா? நாம் விடுகிற இடத்தில் அடிக்கிறான்” என்றார். எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று கேட்டார். எட்டுப் பேர் இருக்கலாம் என்றோம். “நம்மிடம் ஐவர், வங்காளியும் தெலுங்குப் பையனும் வந்தால் ஏழு” என்று அவரே கணக்குப் போட்டார்.

மென்சா முதுமையிலும் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. 1980-களில் தம்மிடமிருந்து தூண்டுதல் பெற்ற விக்டர் ஒலையாவோடு சேர்ந்து லேகோஸில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஜான் காலின்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அவரோடு பழகிக் கேட்டறிந்து எழுதிய வரலாற்று நூல் 1986-இல் வெளியாயிற்று; ‘ஹைலைஃபின் அரசர்’ என்பது அந்நூல் தரும் பட்டம். டெக்காவின் பழைய தட்டுகளும் திரட்டி மறுபடியும் வெளியிடப்பட்டன. அவ்வாறு வெளியிட்டிராவிடில் கரக்பூரில் ஒரு சிறுவன் அதைக் கேட்டிருக்க வழியில்லை. 1996 ஜூலை 19-ஆம் நாள், தம் எழுபத்தேழாம் வயதில், மென்சா அக்ராவில் காலமானார்.

பொதுக்குழு அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று கூடுகிறது. டி.ஜே. யோசனை அன்று வாக்குக்கு வரும். அதற்குள் நாலு பாட்டாவது ஏழு பேராகச் சேர்ந்து வாசித்துக் காட்டுவதென்று முடிவு செய்திருக்கிறோம். மூன்று தமிழ்ப் பாட்டு, ஒன்று வங்காளப் பாட்டு. மகன் இன்னும் ஒரு சுரவரிசைக்கு மேல் ஊதத் தேறவில்லை. ஆகையால் தந்தையாரின் டிரம்பெட்டை நாமே துடைத்து எண்ணெயிட்டு எடுத்திருக்கிறோம். இரண்டாவது வால்வு இன்னும் சிக்குகிறது. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குச் சங்கக் கட்டடத்தின் பின்னறையில் ஒத்திகை நடைபெறும். கிளாரினெட் வாசித்து வந்த அன்பர் ஆத்ராவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். வேறு எவர் வீட்டிலாவது கிளாரினெட்டோ, அதை வாசிக்கத் தெரிந்தவரோ இருந்தால், மொழி எதுவாயினும் சரி, அழைத்து வருமாறு கேட்டுக்கொள்ளுகிறோம். தேநீர் நம் பொறுப்பு.